கிளாவர் ரெண்டு

கண்ணாடிக்கடைக்காரருக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கண் சோதிக்க வந்த அம்மாள் எழுத்துகளை வாசித்துவிட்டு, "சரியா சொன்னேனா?" என்று இரண்டு தரம் கேட்டாள். மனுஷன் காதில் விழுந்தால்தானே.

பழைய சீட்டுக்கட்டு சேர்க்கிற பைத்தியம் அவருக்கு. மூலையில் எண் போடாத கட்டு, கையால் சாயம் பூசிய கட்டு என்று அலமாரி நிறைய அடுக்கியிருந்தார். அப்பாவின் கட்டை மட்டும் தொடுவதில்லை. இவர் தலையெழுத்தை முடிவு செய்த கட்டு அது. அப்பா படுத்தபோது, கடையையும் அவரையும் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை இருந்தாக வேண்டும். மற்றவன் வெளிநாடு போகலாம். சண்டை வேண்டாமென்று அப்பாவே கலைத்து ஆளுக்கொரு சீட்டுப் போட்டார். சின்னச் சீட்டு வந்தவன் இருக்கணும். அண்ணனுக்கு ராஜா, இவருக்குக் கிளாவர் ரெண்டு. அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் தணியவில்லை.

இன்று காலை, கண்காட்சிக்கு யாரோ கேட்டார்கள் என்று அந்தக் கட்டை எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கிளாவர் ரெண்டின் மூலையில் கட்டைவிரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஊசிக் குத்து. சூதாடிகள் சீட்டைத் தடவியே கண்டுபிடிக்கச் செய்கிற பித்தலாட்டம். எத்தனை பேருக்கு இவரே பெருமையாக விளக்கியிருக்கிறார். வேறெந்தச் சீட்டிலும் அது இல்லை.

பெற்ற பிள்ளையிடமா இந்த வேலை? உட்கார்ந்தார், எழுந்தார், அந்த அம்மாளை ஒருவழியாக அனுப்பிவிட்டுக் கடையைப் பாதி சாத்தினார். தாங்க முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

"தெரியும்டா," என்றார் அண்ணன். "முதல் நாளே அவரு ஊசியும் கையுமா உக்காந்திருந்ததைப் பாத்தேன்."

"பாத்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உனக்கு வசதியாப் போச்சு."

"என்னடா வசதி? ரெண்டு பிள்ளையில உன்னைத்தான் கூட வெச்சுக்கணும்னு திருட்டுத்தனம் பண்ணியிருக்காரு. நான் வேணாம்னுதானே அர்த்தம்? அந்தக் கோவத்துலதான் திரும்பி எட்டியே பாக்கல."

இத்தனை வருஷமும் இவர், அநியாயம் தனக்குத்தான் என்றல்லவா புழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. கடைசிக் காலத்துல என்னைக் கேட்டாரா?" என்றார் அண்ணன்.

கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்கவில்லை.

"தினமும் கேப்பாருண்ணே," என்றார்.

மறுமுனையில் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.