பவளம் கடலுக்குள் போகவில்லை

பவளம் சாகவில்லை.

மோகனப்ரியா அந்தக் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டாள். மூன்று தடவையும் பவளம் உயிரோடுதான் இருந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோன நாற்பதாம் நாள் கரைக்கு வந்து, வலை இழுக்கிற ஆண்களுக்கு நடுவில் புகுந்து கயிற்றைப் பிடித்தாள். அத்தோடு நாவல் முடிந்துவிட்டது.

கல்லூரி நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் மோகனப்ரியாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் தமிழ் விரிவுரையாளர். 'உப்பங்காற்று' இந்த வருஷம்தான் பாடமாக வந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய நாவல், ஐந்நூறு பக்கம். அதே மாதம் அது செல்போனில் எட்டுப் பகுதித் தொடராகவும் வந்துவிட்டது. புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் திருமயம் வருவதற்குள் பாதிப் பகுதி, திரும்பும்போது மீதி. எட்டே நாளில் ஐந்நூறு பக்கம் தீர்ந்தது. கடைசிப் பகுதியில் பவளம் கல்யாணப் புடவையோடு கடலுக்குள் நடந்து போனபோது, மோகனப்ரியா பஸ் என்றும் பாராமல் அழுதாள்.

அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தினாள். வகுப்பும் களைகட்டியது.

பவளம் எடுத்த முடிவு சரியா என்று உள்தேர்வில் ஒரு கேள்வி. நாற்பது பேர் அவளைக் கடலில் மூழ்கடித்திருந்தார்கள். ஷர்லி ஒருத்திதான் கயிற்றைப் பிடிக்க வைத்திருந்தாள். கோட்டைப்பட்டினத்துப் பெண், அப்பாவுக்குப் படகுத் தொழில்.

பத்துக்கு இரண்டு. சிவப்பு மையில், 'நாவலைப் படித்துவிட்டு எழுதவும்.' அதோடு விட்டிருக்கலாம். தாளைக் கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா ஷர்லி, பவளத்தக் கொண்டுபோயி உங்க ஊரு கரைவலையில மாட்டி விட்டுட்டியே! அவ பாட்டுக்கு நிம்மதியா செத்துக்கிட்டு இருந்தா!”

வகுப்பே சிரித்தது. “இவ அப்பாவே படகுல ஏத்திக் காப்பாத்திருப்பாரு மேம்” என்று பின் பெஞ்சிலிருந்து கோபிநாத் எடுத்துக் கொடுத்தான். இன்னொரு சிரிப்பு.

“இல்ல மேம், புக்குல...” என்று ஷர்லி எழுந்தாள்.

“உக்காரு. இத்தன நாளா நான் நடத்துனது என்ன?”

உட்கார்ந்தவள்தான். ஒரு மாதமாகிறது, வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்று மோகனப்ரியா புத்தகத்தைக் கையில் எடுத்ததே 'நூலும் திரையும்' கூட்டத்தில் பேசுவதற்காகத்தான். பவளத்தின் சாவிலிருந்து நான்கு வரி எடுத்துச் சொன்னால் அரங்கமே உருகும் என்று நினைத்து நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனாள். இப்போது முன்னட்டையைத் திருப்பினாள். ஒட்டியிருந்த தாளில் இந்த வருஷத்துக்கு ஒரே பெயர், ஷர்லி. இரண்டு தடவை புதுப்பித்து வைத்திருந்தாள்.

துறைத்தலைவர் எழிலரசன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தேநீரை ஊதினார். “இதுக்குப் போயி ஏங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? ரெண்ட ஒம்பதாக்குங்க, கையெழுத்த வாங்குங்க, முடிஞ்சது. நீங்க புக்கப் படிக்கலங்கிறத மட்டும் வெளிய சொல்லிறாதீங்க. அப்புறம் பயலுக தலையில ஏறி ஒக்காந்துருவானுங்க.”

மோகனப்ரியா ஒன்பதாக்கினாள். அந்தக் கல்லூரியில் மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் மார்க்குக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். ஷர்லி பேனாவைத் திறந்தாள்; எண்ணைப் பார்த்தாள்; நிறுத்தினாள்.

“எனக்கு ரெண்டுதானே மேம்?”

“மறுபடி பாத்தேம்மா. ஒன் கற்பனை நல்லா இருந்துச்சு.”

சொன்ன நிமிஷமே மோகனப்ரியாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“கற்பனை இல்ல மேம். புக்குலயே அப்புடித்தான் இருக்கு.” ஷர்லி பேனாவை மூடினாள். “ரெண்டே இருக்கட்டும் மேம். கிளாஸ்ல இன்னும் என்னயக் கரைவலைன்னுதான் கூப்புடுறாங்க.”

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

அடுத்த மணிக்கு மோகனப்ரியா புத்தகத்தோடு வகுப்புக்குப் போனாள்.

“மேம், ரெண்டாவது சீசன் வருதாம்! பவளம் பேயா வருவாளாம்!” என்றான் கோபிநாத்.

“அவ சாகவே இல்ல கோபிநாத். கயித்தத்தான் பிடிச்சா. ஷர்லி எழுதுனதுதான் சரி.” மோகனப்ரியா மேசையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இந்தப் புத்தகத்தப் படிக்கல. செல்போன்ல பாத்துட்டு வந்து ஒங்களுக்கு நடத்துனேன். படிச்ச பிள்ளைய எல்லாரும் சிரிக்கிற மாதிரி பேசுனேன். தப்பு என்னோடது.”

யாரும் சிரிக்கவில்லை. தன்னைப் பார்த்து யாராவது சிரித்துத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

புத்தகத்தை ஷர்லியிடம் நீட்டினாள். “கடைசிப் பக்கத்த நீயே வாசிம்மா.”

ஷர்லி வாங்கவில்லை. “நான் படிச்சுட்டேன் மேம். நீங்க படிங்க.” கொஞ்சம் தயங்கி, “மொதப் பக்கத்துலேருந்து” என்றாள்.

மோகனப்ரியா முதல் பக்கத்தைத் திறந்து வாசித்தாள். கடற்கரைப் பேச்சு இரண்டு இடத்தில் தடுக்கியது. கோபிநாத்கூடக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். மணி அடிக்கும்போது ஒன்பதாம் பக்கம்.

பட்டியலில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மோகனப்ரியா தயங்கித் தயங்கிப் பட்டியலை ஷர்லி பக்கம் நகர்த்தினாள். “கையெழுத்து...”

“புக்க முடிங்க மேம்” என்றாள் ஷர்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. “போடுறேன்.”