காரோடு வந்த வரைபடம்

வேலையிடத்தில் அவளை எல்லோரும் மணிக்கூண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் ஐந்து நர்ஸ்களில் அவள்தான் மூத்தவள். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கே காரை ஓரங்கட்டிவிட்டு, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அவள் அழைப்புமணி அடித்த பிறகு சுவர்க் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிற வீடுகள் இருக்கின்றன என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். கேலிதான் என்றாலும் அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பழைய கார்கள் ஒவ்வொன்றாக நடுவழியில் நின்று மானத்தை வாங்கத் தொடங்கிய வருடம், மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பைக் கொடுத்தார். புதுக் கார்கள் வாங்கப்போகிறார்கள். வழிகாட்டும் திரை காரோடு சேர்ந்தே வருவது ஒரு வகை. திரையில்லாத காரை வாங்கி, வெளிக்கடையில் தனியாகப் பொருத்திக்கொள்வது இன்னொரு வகை. எதை எடுத்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்; ஓட்டப்போவது நர்ஸ்கள், அதனால் நீங்கள் பார்த்துச் சொல்வதுதான் முடிவு, சிஸ்டர் என்றார். போனிலேயே வழி பார்த்துக்கொள்ளலாமே என்று இளைய நர்ஸ் ஒருத்தி கேட்டாள். ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது, அது டாக்டரோடும் வீட்டாரோடும் பேசுவதற்கு மட்டும் என்று அலுவலக விதியைக் காட்டிவிட்டார்கள்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வெளிக்கடைத் திரை ஒன்றை இரவல் வாங்கித் தன் பழைய காரில் ஒட்டிவைத்து இரண்டு வாரம் ஓட்டினாள். கண்ணாடியில் ஒட்டிய பிடி வெயிலில் இளகி, ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது தொப்பென்று மடியில் விழுந்தது. அதன் ஒயர் கியரைச் சுற்றிக்கொண்டு உயிரை எடுத்தது. பிறகு கார் விற்கும் இடத்துக்குப் போய், திரையோடு வரும் காரை ஓட்டிப் பார்த்தாள். அதில் ஒயர் இல்லை, ஆட்டம் இல்லை, ஸ்டீயரிங்கிலேயே பொத்தான்கள். குரல்கூடத் தன்மையாக இருந்தது.

இரவல் திரையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் அந்தக் கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காரோட வர்றது பாக்க லட்சணமா இருக்கும் சிஸ்டர். ஆனா கம்பெனியில ஏத்தின அன்னிக்கு ஊர் எப்படி இருந்துச்சோ, அதையேதான் காட்டும். வருஷத்துக்கு ஒருதடவை சர்வீஸுக்கு விட்டா மாத்துவாங்க. எங்க திரை அப்பப்போ தானாவே புதுசாகி உள்ள சேத்து வச்சுக்கும். சிக்னல் இல்லாத இடத்துலயும் காட்டும். நீங்க போறது நோயாளி வீடு. பாத்துக்குங்க."

கடைக்காரர் தன் சரக்கைத் தூக்கித்தானே பேசுவார் என்று நினைத்துக்கொண்டாள். அன்று அவளுக்கு ஐந்து வீடுகள். கால் கடுத்தது. அலுவலகத்துக்குத் திரும்பி அரைப் பக்கம் எழுதினாள்: காரோடு வருவதே மேல்; கழன்று விழாது, கவனம் சிதறாது, பார்க்கவும் ஒழுங்காக இருக்கிறது. வரைபடம் வருடம் ஒருமுறை புதுப்பிக்கப்படும், அது போதும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதுக் கார் நன்றாகவே ஓடியது. தையல்காரம்மா என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு நோயாளியின் வீட்டுக்கு அவள் அதில்தான் எட்டு மாதம் போய்வந்தாள்.

தையல்காரம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய். ஆளைக் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார். முதல் நாளே, உன் வலது தோள் இறங்கியிருக்கிறது, பையைக் கை மாற்றிப் பிடி என்று நர்ஸுக்கே வைத்தியம் சொன்னவர். சாவைப் பற்றி, துணி எடுக்க வரும் ஆள் ஒருவர் தாமதமாவதைப் போலத்தான் பேசுவார். ஆனால் ஒருநாள் ஊசி போட்டுவிட்டு எழுந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போறதுக்குப் பயமில்லம்மா. வலியில கத்திக்கிட்டே போயிருவேனோன்னுதான் பயம். என் பொண்ணு அதைப் பாக்கக் கூடாது."

"பாக்க மாட்டாங்க. வலிக்குதுன்னு ஒரு போன் போடச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல வந்து நிப்பேன்" என்றாள் அவள். அப்படி இரண்டு முறை வந்து நின்றும் இருக்கிறாள்.

தனியாக விடமுடியாத நிலை வந்ததும் மகள் தாயைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்துக் கட்டிய பகுதி அது. மூன்றாம் நாள் பிற்பகல் போன் வந்தது. மாடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும் போல; மகளுக்கு மூச்சு வாங்கியது. வாயில் கொடுக்கும் மருந்து உள்ளே தங்கவில்லை, அம்மாவால் தாங்க முடியவில்லை, உடனே வாருங்கள் அக்கா என்றாள். முகவரியைச் சொல்லிவிட்டு, அம்மா கூப்பிடுகிறார் என்று கீழே ஓடிவிட்டாள். அப்போது மணி மூன்று பத்து.

ஊசி மருந்து பூட்டிய பைக்குள் நர்ஸிடம்தான் இருக்கும். வேறு யாரும் போட முடியாது. மூன்று பதினைந்துக்குக் கார் கிளம்பிவிட்டது. அந்தத் தெருப் பெயர் திரைக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெரிய சாலையின் பெயரைக் கொடுத்தாள். அது தன்மையான குரலில் அழைத்துப்போய், ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தியது. சாலை இருந்த இடத்தில் மேம்பாலத்தின் தூண்கள் நின்றன. நேராகப் போகவும் என்றது குரல்.

திரும்பி, மேம்பாலத்தில் ஏறினாள். திரையில் அவள் கார் சாலையே இல்லாத சாம்பல் நிறத்துக்குள் மிதந்துகொண்டிருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். அடுத்து இறங்க வழி கிடைத்தது ஏழு கிலோமீட்டர் தள்ளி. ஓரங்கட்டி, விதியை மீறிப் போனில் பார்த்தாள். சிக்னல் போதாமல் வரைபடம் பாதி விரிந்து அப்படியே நின்றுவிட்டது. மகளின் போனுக்கு அடித்தாள். மணிகூடப் போகவில்லை. தாயின் கையை விட்டுவிட்டு அவள் எப்படி மாடிக்கு வருவாள்?

அந்தப் பகுதிக்குள் நுழைந்தபோது மணி நாலரை. எல்லாத் தெருக்களும் ஒன்றுபோல இருந்தன. பாதி வீடுகளுக்கு எண்ணே இல்லை. சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டாள்; அவர்கள் வெளியூர்க்காரர்கள். கடைசியில் ஒரு தண்ணீர் லாரி ஓட்டுநர் கையைக் காட்டினார்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. மகள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரம்மாவின் வாயில் மடித்த துண்டு ஒன்று இருந்தது. கத்தாமல் இருக்க அவரே கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டதாம். மூச்சு அடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

நர்ஸ் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். துண்டை எடுத்தாள். தாடையைக் கட்டினாள். வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்தாள். உள்ளங்கைகளில் நகம் பதிந்த காயங்கள் இருந்தன, அவற்றையும் துடைத்தாள். மகள் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவு தூரம் அலைந்து வந்தீர்களே என்றாள்.

மேனேஜரும் குறை சொல்லவில்லை. இது யார் தப்பும் இல்லை, சிஸ்டர் என்று சொல்லி, ஐந்து கார்களிலும் வெளித்திரை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்த ஏற்பாடு செய்தார். அவள் எழுதிய அரைப் பக்கம் கோப்பில் இருந்தது. அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு அது மனப்பாடமாகவே இருந்தது. ஒழுங்காக இருக்கிறது என்ற சொற்கள் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் வந்து நின்றன.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளின் வீட்டுக்குப் போனாள். கட்டில் இருந்த இடத்தில் தையல் மிஷின் வைக்கப்பட்டிருந்தது. அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, கடைக்காரர் எச்சரித்தது, தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதது, கையெழுத்துப் போட்டது. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்றுதான் வந்திருந்தாள்.

மகள் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள்.

"இதை எதுக்குக்கா எங்கிட்ட சொன்னீங்க? நம்ம நேரம் அப்படின்னு நினைச்சு, இப்பதான் ராத்திரி கொஞ்சம் தூங்குறேன். இனிமே எப்படித் தூங்குவேன்? வேற மாதிரி நடந்திருக்கலாம்னு ஆயிருச்சே."

நர்ஸுக்கு மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் இன்னொரு முறை அந்தப் பெண்ணிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வது போல இருக்கும் என்று விழுங்கிவிட்டாள். மகள் வாசல்வரை வந்தாள். இனிமேல் வர வேண்டாம் அக்கா என்று மெதுவாகவே சொன்னாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் வேலை பார்த்தாள். எந்த வீட்டிலிருந்து போன் வந்தாலும் வழியை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். நரம்பு தேடும்போது ஊசி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை ஒரு நோயாளியின் கணவர் அவள் கையிலிருந்து ஊசியை மெல்ல வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றார். மறுநாள் கார் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாள். நடந்துபோகும் தூரம்தான். குழந்தைகள் அழும், தாய் தூக்கித் தோளில் போட்டதும் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதை நம்பித்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். சில நாட்களில் அந்த இரண்டு நிமிடத்தையே அவளால் தாங்க முடிவதில்லை. பின்னாலிருக்கும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொள்கிறாள்.