வெள்ளிக்கிழமைப் பரீட்சை

வெள்ளிக்கிழமை காலை படகுத்துறை வயர்லெஸ் இரைந்து இரைந்து ஓய்ந்தது; செல்போன் செத்தது; கரண்டும் போனது. ஷத்துல் அரபு ஆறு கடலில் கலக்கும் அந்தச் சிற்றூரில் கரண்டு போனதை யாரும் சட்டை செய்யவில்லை. ஈராக்கில் அது வந்தால்தான் செய்தி. மற்ற இரண்டுக்கும் ஊரே ஒரு பதில் வைத்திருந்தது: பரீட்சை. பிள்ளைகள் காப்பியடிக்கக் கூடாதென்று பரீட்சை நாள் காலையில் நாடு முழுக்க இணையத்தை அறுத்துவிடுவது அரசாங்கத்தின் வழக்கம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலைதான், ஆனால் ஜனங்களுக்குப் பழகிவிட்டது.

சுந்துஸ் மட்டும் அதை நம்பவில்லை. அவள் கணவன் ஃபாலிஹ் விடியலிலேயே இறால் பிடிக்கப் படகெடுத்துப் போயிருந்தான். வெளியே புழுதி மூட்டம், கரை கண்ணுக்குத் தெரியாது. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில் எவன் பரீட்சை வைப்பான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள். கணக்குக் கேள்வித்தாள் முன்பே வெளியாகியிருக்கும், மறுபடி வைக்கிறார்கள் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

தொலைத்தொடர்பு அதிகாரி அபூ நாயிஃபுக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லி எந்த அதிகாரி பிழைத்திருக்கிறான்? ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்களிடம், முன்னெச்சரிக்கையாகத் தானே அறுத்ததாகச் சொல்லிவிட்டார். தொடர்பு திரும்பியதும் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. இந்த முறை ஒரு பிள்ளைகூடக் காப்பியடிக்கவில்லையாம். உண்மைதான், பரீட்சையே நடக்கவில்லையே.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. சூரியன் சீறிக் கக்கிய புயல் பூமியில் வந்து மோதியதாம். கப்பல்களின் வயர்லெஸ் ஊமையானதாம், ஜிபிஎஸ் கண்டபடி வழிகாட்டியதாம், எங்கோ குளிர் நாட்டில் ஊர் ஊராக இருண்டு கிடந்ததாம். அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. ஜிபிஎஸ்ஸை நம்பிய ஃபாலிஹ் தண்ணீரில் போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். எதிர்க்கரை நாட்டின் காவல்படை அவனைப் படகோடு பிடித்துப் போய்விட்டது.

சுந்துஸ் அபூ நாயிஃபின் அலுவலகத்துக்கு ஓடினாள். எல்லாம் சூரியனால் வந்தது, என் புருஷன் மேல் தப்பில்லை என்று எதிர்க்கரைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லச் சொன்னாள். அவர் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, நான்தான் அறுத்தேன்னு மேலிடமே பாராட்டிடுச்சு. இப்பப் போயி சூரியன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"சரிண்ணே. அப்ப எம் புருஷன எல்லை தாண்ட விட்டதும் நீங்கதான். வெளிய படகுக்காரப் பொம்பளைங்க எல்லாரும் நிக்கிறாங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க."

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

எதிர்க்கரை அதிகாரியும் லேசுப்பட்டவர் அல்ல. அவருடைய தலைவரும் அன்று நாட்டுப் பாதுகாப்புக்காகத் தானே அலைவரிசையை முடக்கியதாக மார்தட்டியிருந்தார். சூரியன் என்று ஒப்புக்கொண்டால் தலைவர் பொய்யராகிவிடுவார். முடக்கம்தான் ஜிபிஎஸ்ஸைக் கெடுத்தது என்றால் பிடித்த ஆள் நிரபராதி ஆகிவிடுவான். இரண்டு அதிகாரிகளும் வெகுநேரம் குசலம் விசாரித்தார்கள், பிள்ளைகுட்டிகளின் நலம் கேட்டார்கள், கடைசியில் ஒத்துப்போனார்கள். சூரியனும் இல்லை, முடக்கமும் இல்லை; ஃபாலிஹுக்குக் கடல் தெரியாது. அவனே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் படகோடு வீட்டுக்குப் போகலாம்.

நடை பழகும் முன்பே படகில் ஏறியவன் ஃபாலிஹ். முடியவே முடியாது என்று வீம்பாக இருந்தான். சுந்துஸைப் போனில் பேச வைத்தார்கள்.

"உனக்குக் கடல் தெரியும்னு எனக்குத் தெரியும்யா. அது போதாதா? போட்டுட்டு வந்துரு."

அவளுக்காகப் போட்டான்.

ஊர் திரும்பியதும் படகு உரிமத்தைப் புதுப்பிக்கத் துறைமுக அலுவலகத்துக்குப் போனான். வரிசையில் நின்று அவன் முறை வந்தபோது, அபூ நாயிஃபோடு தினமும் தேநீர் குடிக்கிற எழுத்தர், கடல் தெரியாதென்று நீயே எழுதிக் கொடுத்த பிறகு உனக்கு உரிமம் கொடுத்தால் சட்டம் சும்மா விடுமா என்று மிகுந்த வருத்தத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. சுந்துஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொய்ய எழுதச் சொன்னதுகூட வலிக்கல புள்ள," என்றான் ஃபாலிஹ். "எழுத வச்சவனுங்களே இப்ப அத நம்புறானுங்க."