அவர் எழுதிய வேகம்

மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிற மனுஷர் என்று எக்கார்ட் ரைமர்ஸுக்கு இந்தோனேசியாவின் பாண்டுங் நகர் முழுக்கப் பேர். ஜெர்மனியிலிருந்து இளவயதில் வந்தவர். இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே அவளைப் புதைத்து, ஊரில் ஜாஸ் என்றால் டிரம்ஸுக்கு அவர்தான் என்று ஆகிப்போனவர். இந்த ஊர்க்காரர்களோ நேர் எதிர். முடியாது என்ற சொல்லை வாயிலேயே எடுக்க மாட்டார்கள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் இந்த ஒன்று மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை.

மனைவி போன பிறகு அவளுக்காக ஒரு நீண்ட இசை எழுதினார். மலைச்சரிவில் மோட்டார் சைக்கிளில் இறங்குவதுபோல் அது பாய வேண்டும். அவள் அப்படித்தான் வண்டி ஓட்டுவாள், பின்னால் இவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டிசம்பரில் அரங்கேற்றம். அது மட்டும் சரியாக வந்துவிட்டால் அப்புறம் செத்தாலும் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒத்திகையில் அது பாயவில்லை, நொண்டியது.

"எங்குஸ், நீ வேகத்தப் பின்னால இழுக்குறே," என்றார்.

பேஸ் கிட்டார் வாசிக்கும் எங்குஸ் அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே கூட வாசிப்பவன். தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்குங்கண்ணே. விரல் சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது."

"அப்ப வீட்டுல உக்காந்து பேரனக் கொஞ்சு. என் பொண்டாட்டி பாட்டக் கெடுக்காதே."

பியானோவிலிருந்த நெந்தென், "அண்ணே, மழை விடல. முதல்ல ஆளுக்கொரு டீ குடிப்போமே," என்றாள்.

ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நாக்கைச் சுருட்டிக்கொண்டிருப்பார். இவருக்கு டீ வெறும் டீயாகத்தான் கேட்டது. வேண்டாம் என்றார். எங்குஸ் பேஸை உறையில் போட்டு, எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு மழையிலேயே போனான்.

அவனுக்குப் பதிலாக வந்தவள் தியுர், சுமத்ராவில் மேடான் பக்கத்துப் பெண். அங்கே மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு கிடையாது. அவளோடு வாசிக்க ஆரம்பித்ததும் பாட்டு இரண்டாகப் பிளந்தது.

"நீ முந்தி ஓடுறேம்மா," என்றார் எக்கார்ட்.

"நான் ஓடல ஐயா. நீங்க எழுதின வேகத்துல நிக்கிறேன். நீங்கதான் பின்னாடி போறீங்க. பியானோகூட உங்களுக்காகக் காத்து நிக்குதே, தெரியல?"

எக்கார்ட் நெந்தெனைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"வீட்டம்மா போனதுலேர்ந்துண்ணே," என்றாள் மெதுவாக. "அவர் எங்க போறாரோ அங்க நாம போயிடுவோம், வெளில தெரியாதுன்னு எங்குஸ்தான் சொன்னான்."

அட மனுஷா, தாங்கிப் பிடித்தவனையா தள்ளிவிட்டாய்.

மறுநாள் எங்குஸ் வீட்டுக்கு ஓடினார். "சொல்லுடா, இழுத்தது நான்தானே?"

"வாங்கண்ணே, சாப்ட்டீங்களா?"

"மொதல்ல சொல்லு."

"என் விரல்தாண்ணே. வயசாயிடுச்சில்ல."

"ஒரே ஒரு தடவ என்னைத் திட்டிடுடா."

எங்குஸ் வறுத்த வாழைப்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அழுதிருப்பார், மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லை. ஒரு துண்டை எடுத்து மென்றுகொண்டே சொன்னார்:

"டிசம்பர்ல நீதான் வாசிக்கணும். டிரம்ஸுக்கு வேற ஆள் பார்த்துட்டேன்."

"நீங்க?"

"கீழ உக்காந்து கேக்கப்போறேன்."

எங்குஸின் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போனது. வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

டிசம்பரில் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். தான் எழுதிய வேகத்தில் அந்தப் பாட்டை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். துளிக் குறை இல்லை. சரிவில் அவள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள், இவர் மட்டும் பின்னால் இல்லை. மேடையில் எங்குஸின் விரல்கள் பறந்தன. இந்த விரல்களையா இத்தனை நாள் எனக்காகக் கட்டிப்போட்டு வைத்திருந்தான் என்று நினைத்ததும், அத்தனை பேர் நடுவில் எக்கார்ட் வாய்விட்டு அழுதார்.