படி வைத்தியம்

கோவிந்தம்மாளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தவன் அவள் புருஷன் பங்காரு. அதற்கு முன்பு டாக்டர் துளசிங்கம் ரத்தம் சுண்டிப்போச்சு என்றார். அதற்கும் முன்பு ஒரு ஜோசியர் சனியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டே போய்விட்டார். இத்தனை பேரில் ஒருவர்கூட அவளிடம் என்னம்மா உனக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நாற்பத்திரண்டு வயதில், காலையில் கண் விழித்ததுமே எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. முட்டி வலித்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. சோறு இறங்கவில்லை, உடம்பு மட்டும் உலைப்பானை மாதிரி பொங்கிக்கொண்டே போனது.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவள் இப்படி இல்லை. கே.ஜி.கண்டிகையில் இருந்தபோது விடியலில் எழுந்து சாணி வாரி, பத்துக் குடம் தண்ணீர் சேந்தி, நெல் குத்தி, அப்புறம் கழனிக்குப் போய் ஆளோடு ஆளாகக் களை பறித்தவள். வாயும் ஓயாது. அடுத்த கழனியில் ஏர் ஓட்டுகிறவனை இங்கிருந்தே வம்புக்கு இழுப்பாள். பிறகு எங்கேயோ தூரதேசத்தில் சண்டை மூண்டது; இங்கே நெல்லுக்கு மவுசு கூடியது; பங்காரு பெரிய மனுஷன் ஆனான். பெரிய மனுஷன் கண்டிகையில் குடியிருந்தால் யாருக்குத் தெரியும்? திருத்தணியில் மலையடிவாரத்தில் மாடி வைத்த வீடு ஒன்றைப் பிடித்தான்.

குடிவந்த அன்றே சட்டம் போட்டான். "இனிமே நீ ஒரு துரும்பக்கூட எடுத்துப் போடக்கூடாது. தண்ணி தூக்க ஆளு கீது, சமைக்க ஆளு கீது, நெல்லு மிஷினுக்குப் பூடும். நீ பாட்டுக்கு ராணி மாதிரி குந்திகினு இரு."

இன்னொரு சட்டமும் இருந்தது. அத்தை மகனான அவனைச் சின்ன வயதிலிருந்து பாவா என்றுதான் அவள் கூப்பிடுவாள். டவுனில் நாலு பேர் காதில் விழும்படி அப்படிக் கூப்பிடக்கூடாது. என்னங்க என்றால் போதும்.

கோவிந்தம்மாள் குந்தினாள். முதல் மாசம் சுகமாக இருந்தது. இரண்டாவது மாசம் சுவரில் இருந்த பல்லிகளுக்கெல்லாம் பேர் வைத்து முடித்தாள். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பேய் ஓட்ட நகரியிலிருந்து எல்லப்பன் என்பவன் வந்தான். வேப்பிலைக் கொத்தும் எலுமிச்சம்பழமுமாக அவளைக் கூடத்தில் உட்காரவைத்து, கண்ணை உருட்டினான்.

"யார் நீ?"

"கோவிந்தம்மா."

"அது ஒடம்பு பேரு. உள்ள குந்திகினு கீறது யாரு?"

"அதுவும் கோவிந்தம்மாதான். மூணு வருசமா குந்திகினுதான் கீறா."

எல்லப்பன் வேப்பிலையால் முதுகில் நாலு போட்டான். ஐந்தாவதுக்குக் கை ஓங்கியபோது அவள் கொத்தைப் பிடுங்கி அவன் தலையிலேயே ஒன்று வைத்தாள். அந்த ஒரு நிமிஷம் உடம்பு கொஞ்சம் லேசானது போல இருந்தது. இது முரட்டுப் பேய், மூன்று அமாவாசை ஆகும் என்று சொல்லிவிட்டு எல்லப்பன் வயிறாரச் சாப்பிட்டு ரயிலேறினான்.

ஆக மிச்சமிருந்தது துளசிங்கத்தின் டானிக். சிவப்பாக, பாகு மாதிரி, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் காலை அவள் வாசற்படியில் நின்று மூடியைத் திறந்த நேரம், மலைக்குரங்கு ஒன்று கூரையிலிருந்து இறங்கி வந்து, கைமாற்று வாங்குகிற தோரணையில் பாட்டிலை வாங்கிக்கொண்டு நடந்தது. ஓடக்கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "குடுடா நாயே" என்று துரத்தினாள். குரங்கு மலைப்படிக்கட்டில் ஏறியது. அவளும் ஏறினாள். நாற்பது படிக்கு மேல் கால் நகரவில்லை, தொப்பென்று உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் உலக்கை விழுந்துகொண்டிருந்தது. குரங்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து டானிக்கை முழுக்கக் குடித்து, பாட்டிலைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, அவளைப் பார்த்து உதட்டை நக்கியது.

அவள் வீட்டுக்கு வந்ததும் சமையல்காரி எதிரிலேயே மூன்று உருண்டை களி தின்றாள். பகலில் படுத்து, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்தாள். எழுந்தபோது அழுகை வரவில்லை என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

மறுநாள் படியேறக் கிளம்பியவளைப் பங்காரு வாசலில் மறித்தான். "எங்க கெளம்பிட்ட?"

"சும்மா. படி ஏறி எறங்கிட்டு வரேங்க."

"சும்மாவா? பெரிய வூட்டுப் பொம்பள சும்மா மலை ஏறி எறங்கினா ஊரு இன்னா பேசும்? புத்தி பெரண்டுபோச்சுன்னுதான் பேசும்."

கோவிந்தம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு சொன்னாள். "முருகன் கனவுல வந்தாருங்க. ஒரு மண்டலம் தெனம் படியேறி வான்னு சொன்னாரு."

பங்காரு கையை எடுத்துவிட்டான். டாக்டரோடு வாதாடலாம், பெண்டாட்டியோடு வாதாடலாம். மேலே நிற்கிறவரோடு எப்படி வாதாடுவது? ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. "மயில் மேலயா வந்தாரு?"

"இல்லீங்க. நடந்துதான் வந்தாரு."

இப்படியாகக் கோவிந்தம்மாள் ஏற ஆரம்பித்தாள். முதல் வாரம் அறுபது படி. அதற்கு மேல் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கும்போது ஏறுவதைவிட வலித்தது. பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினாள். இரண்டாவது வாரம் நூற்றைம்பதில் இருக்கும் மண்டபம். அங்கேதான் அம்சாவைப் பார்த்தாள். தலையில் ஒரு மோர்ப் பானை, இடுப்பில் ஒரு மோர்ப் பானையுமாக, பேசிக்கொண்டே ஏறிவந்தாள் அம்சா. கூட யாருமில்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. மலைமேல் வருகிறவர்களுக்கு மோர் விற்றுப் பிழைப்பு.

"வேண்டுதலாம்மா?" என்றாள் அம்சா, பானையை இறக்கிவைத்து.

அவளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்ல. ஒடம்பு நல்லாவறதுக்கு."

அம்சா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "படி ஏறினா ஒடம்பு நல்லாவுமா?"

"உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் கீதா?"

"குதிகால்ல வெடிப்பு. வேற இன்னா? பாயில தலைய வெச்சா விடியறதுதான் தெரியும்." அம்சா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு நடக்கணும்னு ஆச. எனக்கு ஒருநாளாச்சும் சும்மா குந்தணும்னு ஆச. மேல கீறாரே, அவருக்குப் பங்கு போடவே தெரியல."

கோவிந்தம்மாள் சிரித்தாள். சிரிப்பு வறண்டு, இருமல் மாதிரி வந்தது. பிறகு குனிந்து இடுப்புப் பானையைத் தூக்கிக்கொண்டாள். "நீ கொஞ்சம் குந்திட்டு வா. நான் இத மேல கொண்டுபோறேன்."

அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. ஒரு பானை அவளுடையது. ஏறும்போது இருவரும் கதை பேசினார்கள். அம்சாவின் புருஷன், கோவிந்தம்மாளின் புருஷன், கோயில் குருக்களின் தொப்பை, மோரில் எவ்வளவு தண்ணீர் விட்டால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது, எல்லாம் பேசினார்கள். உச்சிக்குப் போனாலும் கோவிந்தம்மாள் பல நாள் சன்னிதிக்குள் போவதில்லை. வெளியே நின்று ஒரு கும்பிடு. உள்ளே போனால் வியர்வை அடங்கிவிடும். காற்றில் நின்றால் வடக்கே நகரி மலை வரைக்கும் தெரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? இருபதாம் நாள், தாலுகா ஆபீஸ் பக்கம் ஒருவன் பங்காருவிடம் நேராகவே கேட்டுவிட்டான். "வூட்டுல மோர் யாவாரம் ஆரம்பிச்சிட்டாங்க போலக் கீதே?"

பங்காரு குடையை மடக்கிக்கொண்டு நேராக மலைக்கு வந்தான். உச்சிவெயில். வாய் நிறைய திட்டு வைத்துக்கொண்டு ஏறினான். முப்பதாவது படியில் திட்டு பாதியாகக் குறைந்தது. எழுபதில் மூச்சு மட்டும்தான் மிச்சம். மூன்று வருஷமாக அவனும்தான் குந்தியிருந்தான். தாலுகா ஆபீஸ் நாற்காலியில், நெல் மண்டி மெத்தையில், மாட்டுவண்டியில். நெய்யும் மிஷின் அரிசியுமாகத் தின்று, தவில் மாதிரி வயிறு. நூற்றிருபதாவது படியில் மேலே பானையோடு போகும் பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏ" என்றான். அடுத்த வார்த்தை வரவில்லை. சுவரைப் பிடித்தான், சறுக்கி உட்கார்ந்தான், சாய்ந்தான்.

கோவிந்தம்மாள் பானையை அம்சாவிடம் தள்ளிவிட்டு ஓடி இறங்கினாள். ஓடினாள் என்பது அவளுக்கே அப்போது உறைக்கவில்லை. அவன் முகம் மெழுகு மாதிரி இருந்தது. சட்டையைத் தளர்த்தி, தலையை மடியில் போட்டு, மோரை வாயில் விட்டாள். "பாவா, இங்க பாரு. கண்ண முழி பாவா." படியில் போய்க்கொண்டிருந்த பத்துப்பேர் காதில் விழுந்தது. பங்காரு கண் விழித்து மெல்லச் சொன்னான். "மோருல தண்ணி ஜாஸ்தி."

டோலிக்காரர்கள் இறக்கிக் கொண்டுவந்தார்கள். துளசிங்கம் வந்து கையில் பட்டை கட்டி, பாதரசம் ஏறுவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரத்தக் கொதிப்பு. உப்பக் கொறைங்க, நெய்யக் கொறைங்க. ஒரு வாரம் படுத்துட்டு, அப்புறம் தெனம் மெதுவா நடங்க. ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்தா ஒடம்பு கெடாம இன்னா பண்ணும்?"

"அவருக்கு நடக்கச் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏன் டாக்டர் டானிக்கு?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

துளசிங்கம் ஒரு சிட்டிகைப் பொடியை மூக்கில் ஏற்றினார். "டானிக்குதானே உங்களத் தூக்கி நிறுத்தியிருக்குது. மொகத்துலயே தெரியுதே."

"அதக் குடிச்சது கொரங்குங்க. அதுக்கும் மொகம் நல்லாத்தான் கீது."

டாக்டர் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

எட்டாம் நாள் பங்காரு படிக்கட்டின் அடியில் வந்து நின்றான். முதல் நாள் பத்துப் படி. மறுநாள் பதினைந்து. அவன் உட்காரும்போதெல்லாம் அவளும் நின்றாள். ஒருநாள் நாற்பதில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபடி அவன் உருகிப்போய்ச் சொன்னான். "முருகன் ஒன் கனவுல வந்தது நம்ம ரெண்டு பேருக்காகத்தான்."

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. "கனவும் இல்ல, ஒண்ணும் இல்ல பாவா. நான் சொன்னது பொய்யி. நீ வுடமாட்டேன்னுதான் சொன்னேன்."

பங்காரு வெளுத்துப்போனான். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி பேருல பொய் சொல்லியிருக்கிறயே. குத்தம் ஆவாதா?"

"ஏன் ஆவப்போவுது? சூரனோட சண்ட போட்டுட்டு வந்து, இந்த மலை ஏறினப்புறந்தான் அவருக்கே கோவம் தணிஞ்சுது. கீழயே குந்திகினு இருந்தா தணிஞ்சிருக்குமா? அவருக்குத் தெரியும் பாவா. ஒனக்குத்தான் தெரியல."

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. ஆனால் இரண்டு நாளும் ஏறினான். பத்துப் படி தள்ளி, பின்னால்.

மண்டலம் முடிந்தது. அழுகை அடியோடு போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. சில காலைகளில் வந்தது. வந்தால் கால் படியில் ஏறுகிறவரைக்கும் இருந்துவிட்டுப் போனது. மழைமூட்டம் போட்டால் முட்டி பேசியது. ஆனால் தண்ணீர் தூக்குகிற ஆளிடமிருந்து இரண்டு குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சமான நேரத்தில் அந்த ஆள் தூங்கினான்.

அடுத்த நடவுக்குக் கண்டிகைக்குப் போவேன் என்றாள். பங்காரு மறுத்துப் பார்த்தான். ஆட்கள் சிரிப்பார்கள் என்றான். சிரிக்கட்டும் என்றாள். கரியில் ஓடுகிற பஸ் ஏற்றத்தில் இருமி நின்றுவிட, மிச்ச தூரத்தை இருவரும் நடந்தே போனார்கள்.

ஆட்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். சேற்றில் இறங்கி அரைமணியில் கோவிந்தம்மாள் பின்தங்கினாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் நட்டுக்கொண்டே போய் அவளைப் பயிருக்குள் சிறை வைத்துவிட்டார்கள். இடுப்பு விட்டுப்போனது. அவள் நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் குலத்தையே இழுத்து ஒரு வசை வைத்தாள். கழனி முழுக்கச் சிரித்தது. வரப்பில் குடையோடு நின்ற பங்காருவுக்கு அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குத் தெரியவில்லை.

குடையை மடக்கி வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்றுக் கட்டு ஒன்றை எடுத்து அவள் பக்கம் வீசினான். அது போய் முன்வரிசையில் நட்டுக்கொண்டிருந்த பெண்ணின் முதுகில் சேறோடு அப்பியது. முதலாளி வீசியது என்பதால் கழனி கப்பென்று அடங்கியது.

கோவிந்தம்மாள் நெற்றிச் சேற்றை முழங்கையால் துடைத்தாள். "கை துரு புடிச்சிருக்குது பாவா. இன்னும் பத்துக் கட்டு வீசு, சரியாப் பூடும்."

பங்காரு அடுத்த கட்டை எடுத்தான்.