மூன்றாம் எக்காளம்

ஏலத்துக்கு வந்த அந்தப் படத்துக்கு ஓவியர் வைத்த பெயர் 'மூன்றாம் எக்காளம்'. அவர் செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த காளைச் சண்டைப் படங்களில் அதுதான் கடைசி. அந்தத் தகட்டில் ஒரே ஒரு தாள்தான் எடுத்திருந்தார். காளை உயிரோடு நிற்கிறது. அதைத் தொழுவத்துக்கு அழைத்துப் போகப் பழக்கிய எருதுகள் வருகின்றன. ஓரத்தில் ஒருவன் வாளைத் தொங்கவிட்டு, முதுகு காட்டி நிற்கிறான்.

அந்த முதுகு எலாடியோவுடையது. நேரம் கடந்துவிட்டது என்று மூன்று முறை எக்காளம் ஊதியும் காளையைக் கொல்லாத வீரனுக்கு மாட்ரிட்டில் அதற்கு மேல் அவமானம் கிடையாது. அதற்கப்புறம் அவர் வாளைத் தொடவில்லை. திடல் இருக்கும் தெருப்பக்கமே போவதில்லை. இன்று படத்தை வாங்கி அடுப்பில் போடத்தான் மகள் கசில்தாவோடு வந்திருந்தார்.

"அப்பா, அதுல மூஞ்சியே தெரியல. பேசாம இருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுதில்ல."

"அப்ப வீட்டுல இருக்கற கண்ணாடியையும் உடைச்சுப் போடுங்க."

ஏலம் தொடங்கியதும் அவர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. யார் எவ்வளவு கேட்டாலும் கை மேலேயே நின்றது.

"பெரியவருக்குக் கை சுளுக்கிக்கிச்சு போல," என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரித்தார்கள். சுத்தியல் விழுந்தது. படம் அவருக்கு.

உடனே ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பண்பாட்டு அமைச்சக அதிகாரி. "அரசு எடுத்துக்கொள்கிறது," என்றாள். முடிந்த விலைக்கே பொருளைத் தனக்கென்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு. எலாடியோவுக்கும் அது தெரியும். ஒரு முதுகை அரசு எதற்குக் கேட்கப்போகிறது என்று நினைத்திருந்தார்.

வாசலில் அவள் அவரிடம் வந்தாள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. நாங்க விட்டுடலாம்னுதான் இருந்தோம். நீங்க கையை இறக்காததைப் பார்த்துத்தான் இதுல ஏதோ இருக்குன்னு தோணுச்சு. அதுல நிக்கறது யாருன்னு தெரியுமா? மியூசியத்துல பேர் போடணும்."

எலாடியோ கசில்தாவைப் பார்க்கவில்லை.

"லியான்ட்ரோ குவேன்கா," என்றார். "செத்துட்டான்."

லியான்ட்ரோ அன்று அதே திடலில் இறங்கியவர். தன் காளைகள் இரண்டையும் சுத்தமாகக் கொன்றவர். கூட்டம் இருக்கை மெத்தைகளை எடுத்து எறிந்தபோது, எலாடியோவின் தோளில் கைபோட்டு, பாதியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு வெளியே கூட்டி வந்தவர். கசில்தாவுக்கு ஞானத்தந்தை.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான்.

"கூப்பிடுங்க," என்றாள் கசில்தா.

அவர் தொப்பியைத் தேடினார். அது தலையில்தான் இருந்தது.

"அப்பா, கூப்பிடுங்க."

அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படியில் வழக்கமாக அவர் கையைப் பிடித்துக்கொள்ளும் கசில்தா, இன்று முன்னாலேயே இறங்கிப் போனாள். எலாடியோ கம்பியைப் பிடித்துக்கொண்டார்.