இரண்டெழுத்து வித்தியாசம்

தையல்காரம்மாவுக்கு இருபத்திரண்டு வயதில் காசநோய் வந்தது. ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் இருந்த நோயாளிகள் விடுதியில் பதினான்கு மாதம் கிடந்து, வலது நுரையீரலில் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் உயிரோடு வீடு திரும்பினாள். இப்போது அறுபத்தெட்டு. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது.

பழைய சானடோரியங்களில் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆக்சிஜன் மெஷின் இலவசம் என்று சுகாதார அலுவலகம் அறிவித்ததும், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்த நோயாளி அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சானிடேரியம்னு போட்டிருக்கே. உத்தரவுல இருக்கிறது சானடோரியம். சானிடேரியம்னா பணக்காரங்க உடம்பைத் தேத்திக்கப் போற ஓய்வு விடுதிம்மா. உங்களுக்குக் கிடையாது."

"பணக்காரங்களா? ரெண்டு பேருக்கு ஒரு போர்வை சார் அங்கே."

"நான் என்ன செய்ய? ரெண்டு எழுத்து இடிக்குதே."

வெளியே ஆட்டோவோடு காத்திருந்த தம்பி அவள் முகத்தைப் பார்த்ததுமே, "விடுக்கா, இவங்ககிட்ட யாரு மல்லுக்கட்டுறது" என்றான். "நான் கட்டுறேன். நீ ஆட்டோவை நூலகத்துக்கு விடு" என்றாள்.

நூலகத்தில் தலையணை கனத்துக்கு ஒரு அகராதி. தம்பி வாசிக்க, அவள் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். சானடோரியம், 'குணப்படுத்து' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சானிடேரியம், 'உடல்நலம்' என்ற சொல்லிலிருந்து. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. நீண்டகால நோயாளிகளின் விடுதியை இரண்டு பெயராலும் அழைத்தார்கள்.

"ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான். இவரு என்னடான்னா ஒண்ணை வாசல்லயே நிறுத்துறாரு" என்று எழுந்தாள்.

அதோடு விடவில்லை. அந்த விடுதியில் உடன் இருந்தவர்களில் உயிரோடு இருந்த ஆறு பேரை வீடு வீடாகத் தேடிப் பிடித்தாள். மூவரின் அட்டையில் ஒரு சொல், மூவரின் அட்டையில் மற்றது. முத்திரையும் டாக்டர் கையெழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றே.

திங்கட்கிழமை ஏழு பேரும் அலுவலகத்துக்குள் போனார்கள். ஏழு பேரின் இருமலில் அறையே அதிர்ந்தது. ஏழு அட்டைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, எழுதி வந்ததையும் வாசித்துக் காட்டினாள். அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, உங்க அட்டையில எழுத்துப்பிழைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்களுக்கு மட்டும் இப்பவே முடிச்சுத் தர்றேன்" என்றார்.

ஒரு கையெழுத்துதான். அன்றைக்கே மெஷினுக்கு வழி பிறந்துவிடும். மூச்சு வேறு முட்டிக்கொண்டு வந்தது. பேனாவை அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

"என் அட்டையில பிழை இல்லை சார். எழுதினவரு படிச்ச டாக்டரு. பிழை உங்க உத்தரவுல. அதைத் திருத்துங்க, ஏழு பேருக்கும் சேர்த்து."

"மேலிடத்துக்கு எழுதணும்மா, நாளாகும்."

"எழுதுங்க. நாங்க இங்கேயே இருக்கோம். மூச்சு வாங்க எங்களுக்கும் நேரம் வேணும்."

பெஞ்சில் ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று மாலை கடிதம் போனது. ஒன்பதாம் நாள் திருத்திய உத்தரவு அறிவிப்புப் பலகையில் ஏறியது. தம்பி வாய்விட்டு வாசித்தான்: "சானிட்டோரியம்..."

இது மூன்றாவது! தையல்காரம்மா நேரே உள்ளே போய் அதிகாரியைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தினாள். அவர் மேலிடத்தைப் போனில் கேட்டுக்கொண்டு அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'எந்தப் பெயரில் குறிக்கப்பட்டிருந்தாலும்' என்று எழுதி முத்திரை வைக்கும்வரை பக்கத்திலிருந்து நகரவில்லை.

மூன்று வாரத்தில் ஏழு வீடுகளிலும் மெஷின் வந்து இறங்கியது. அன்று மத்தியானம் அவள் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து, பாதியில் நின்றிருந்த ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்தாள்.